இரண்டு கேட்டுக்கும் ஒரே மணி

அனுப்புநர்:
தையல் கடைக்காரி,
கேட்டடித் தெரு, கடைசி வீடு.

பெறுநர்:
உதவிப் பொறியாளர் அவர்கள்,
ரயில்வே சிக்னல் பிரிவு.

பொருள்: அடுத்தடுத்துள்ள இரண்டு ரயில்வே கேட்டுகளில் ஒன்றின் மணியோசையை மாற்றித் தரக் கோருதல் – முந்தைய மனு முடித்துவைக்கப்பட்டதால் மீண்டும் எழுதுவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் அண்ணனுக்கு இரண்டு கண்ணும் தெரியாது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் உள்ள ரொட்டிக் கடையில் மாவு பிசைகிறார். வீட்டில் நாங்கள் இருவர் மட்டுமே. வேலைக்குப் போக அவர் இரண்டு கேட்டுகளைத் தாண்ட வேண்டும். முதலாவது பயணிகள் ரயில் பாதை, அடுத்தது சரக்கு ரயில் பாதை. நடந்து போகிறவர்கள் வழியில் தடுப்புக் கட்டை கிடையாது. சிவப்பு விளக்கும் மணியும்தான். இரண்டுக்கும் நடுவே குறுகலான மண்திட்டு. அங்கே இருக்கும்போது மணி அடித்தால், அடிக்காத பக்கமாக ஒதுங்கிவிட வேண்டும்.

2. முன்பு முதல் கேட்டில் இரும்பு மணி கணகணவென்று அடிக்கும். சரக்குக் கேட்டில் இருந்தது, மூக்கடைத்தவர் கத்துவதுபோல ஒரு ஊதல். கேட்கச் சகிக்காது என்பது உண்மைதான். தூக்கம் கெடுகிறது என்று தெருக்காரர்கள் மனுக் கொடுத்தார்கள். தாங்களும் கருணையுடன் மெல்லிய புது மணிகளைப் பொருத்தினீர்கள். முதல் மணி மாறிய அன்று என் அண்ணனே, "காதுக்கு இதமா இருக்கு" என்று மெச்சினார். மறுவாரம் சரக்குக் கேட்டும் அதே குரலில் அடிக்க ஆரம்பித்தது.

3. போன மாதம் அவர் நடுத்திட்டில் இருந்தபோது மணி அடித்தது. இருபுறமும் உயரமான கிடங்குச் சுவர்கள் இருப்பதால் ஓசை எல்லாப் பக்கமிருந்தும் வருகிறது. முதுகுக்குப் பின்னால் அடிப்பதாக நினைத்து முன்னால் நடந்தார். அடித்தது முன்னால். பின்னால் வந்த பால்காரர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்ததால் இன்று எனக்கு அண்ணன் இருக்கிறார். கிழிந்த காலரைத் தைக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

4. முதல் மனுவுக்கு, "மணி நன்றாக ஒலிக்கிறது, மனு முடித்துவைக்கப்படுகிறது" எனப் பதில் வந்தது. ஒலிக்கவில்லை என்று நாங்கள் சொல்லவேயில்லை, ஐயா. நேரில் வந்தேன். அங்கிருந்த அலுவலர், "அவருக்குக் காது கேக்குதுல்ல? அப்புறம் என்னம்மா?" என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எங்கும் ஒரே மணிதான் என்பது விதியாம், கையை விரித்துவிட்டார். பழைய மணிகளைக் கேட்டேன். பழைய இரும்போடு போய்விட்டனவாம்.

5. கையைப் பிடித்துக் கூட்டிப்போக நான் தயார். "மாவு பிசையப் போறவனுக்குத் துணைக்கு ஆளா? கடையில சிரிப்பாங்க" என்று அண்ணன் மறுக்கிறார். அந்த நாளிலிருந்து அவர் வேலைக்குப் போகவில்லை. ரொட்டிக் கடை முதலாளியும் எத்தனை நாள்தான் பொறுப்பார்? வேறு ஆள் பார்க்கப் போவதாகச் சொல்லியனுப்பிவிட்டார்.

6. இப்போது அண்ணன் ஜன்னலருகே உட்கார்ந்து, மணி அடிக்கும்போதெல்லாம் எந்தக் கேட்டு என்று சொல்லிப் பழகுகிறார். நான் மாடிப்படியில் நின்று எந்த விளக்கு எரிகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பாதிக்குப் பாதி சரியாக வருகிறது. "பரவாயில்ல, பழகிடுச்சு" என்கிறார். நானும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். எனக்கும் அதே பாதிதான் வந்தது. வரும் திங்கட்கிழமை தனியாக வேலைக்குப் போவதென்று அவர் முடிவெடுத்துவிட்டார். நான் சொன்னால் கேட்கிற ஆளில்லை.

ஆகவே, ஏதாவது ஒரு கேட்டின் மணியை மட்டும் மாற்றித் தருமாறு தங்களை மன்றாடிக் கேட்கிறேன். இனிமையாக இருக்க வேண்டாம். தகர டப்பாவைத் தட்டுகிற சத்தமாக இருந்தாலும் போதும். அதற்கு விதி இடம் தராவிட்டால், திங்கட்கிழமை காலை மட்டுமாவது தங்கள் ஊழியர் ஒருவரை நடுத்திட்டில் நிற்கச் சொல்லுங்கள். நான் போய் நின்றால் காலடிச் சத்தத்திலேயே கண்டுபிடித்து வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார். தங்கள் ஊழியரின் காலடி அவருக்குத் தெரியாது.

நாள்: வெள்ளிக்கிழமை
இடம்: கேட்டடித் தெரு

இப்படிக்கு,
தங்கள் மணியோசை கேட்கும் தூரத்தில் வசிக்கும்,
(கையெழுத்து)
தையல் கடைக்காரி