ராணி மச்சாளுக்கு, வளையம் திரும்பி வந்த செய்தி

என் அன்பு ராணி மச்சாள்,

நம் தெருமுனைப் பூங்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை விழா எடுத்தார்கள். பழைய வாத்திய மண்டபத்துக்குப் புதுச் சாயம், ஊஞ்சலுக்குப் புதுச் சங்கிலி. நம் வலைப்பந்துத் திடலில் வளையங்களையும் மறுபடி பூட்டிவிட்டார்கள். திறந்துவைத்தது யார் தெரியுமா? எதிர்வீட்டு ஞானம் அண்ணை! சிரிக்காதீர்கள், முழுவதையும் கேளுங்கள்.

என் தமையனைக் கட்டிக்கொண்டு மன்னாரிலிருந்து சிட்னிக்கு வந்த நீங்கள், வேலையும் குசினி அடுப்பும் என்று கிடந்த எங்களுக்குச் சப்பாத்து மாட்டி அந்தத் திடலுக்கு இழுத்துவந்தீர்கள். முழங்கால் நோவை மறந்து பந்துக்கு அடிபிடிப்பட்டோம். அது ஞானம் அண்ணைக்குப் பொறுக்கவில்லை. பழம்பெரும் பூங்காவின் அழகு கெடுகிறது என்று மாநகரசபையில் முறைப்பட்டு, வளையங்களைக் கழற்றவைத்தார்.

நீங்கள் நேரே அவர் வாசலுக்கே போய்க் கேட்டீர்கள்.

"கலியாண வயசில பிள்ளையள் இருக்கிற பொம்பிளையள் இப்பிடித் துள்ளினால் வெள்ளைக்காரன் எங்களைப் பற்றி என்ன நினைப்பான்?" என்றார்.

"அவன் நினைக்கிறதை அவன் நினைக்கட்டும் அண்ணை. நீங்கள் ஏன் அவனுக்காக நினைக்கிறியள்?"

மறுநாள் கதிரையில் ஏறி நின்று, இரு கைகளையும் வளையமாகக் கோத்துப் பிடித்தீர்கள். நாங்கள் எறிந்த பந்து உங்கள் மூக்கில் பட்டதுதான் அதிகம். புற்றுநோய் உங்களைப் படுக்கையில் போடும்வரை எங்கள் வளையம் நீங்கள்தான்.

விழாவில் ஞானம் அண்ணை ஒலிவாங்கியைப் பிடித்தார். "எங்கட பெண்கள் விளையாட வேணும் எண்டு அந்தக் காலத்திலேயே போராடினவன் நான். காலஞ்சென்ற ராணிக்கு நான்தான் தைரியம் குடுத்தனான்."

நா கூசவில்லை, மச்சாள்! கண்ணைவேறு துடைத்தார். எட்டிப் பார்த்தேன், கைக்குட்டை காய்ந்தே இருந்தது. முன்வரிசைக் கனவான்கள் கைதட்டினார்கள். இப்படிப்பட்டவர்களுக்கு மாலை போடவென்றே நம்மில் ஒரு கூட்டம் எப்போதும் ஆயத்தமாக நிற்கிறதே, ஏன்?

புகைப்படத்துக்காக முதல் பந்தை அவரே எறிந்தார். அது வளையத்துக்குக் கிட்டவும் போகாமல் உருண்டு என் காலடிக்கு வந்தது.

"தாரும் தங்கச்சி, இன்னொருக்கா எறிவம்," என்று கையை நீட்டினார்.

"எறிஞ்சது காணும் அண்ணை. தள்ளி நில்லுங்கோ, நாங்கள் விளையாடப் போறம்."

நம்மோடு விளையாடிய புளோமினா அன்ரி சேலையைச் செருகிக்கொண்டு திடலில் இறங்கினார். மற்றவர்களும் வந்துவிட்டார்கள். ஞானம் அண்ணை ஒலிவாங்கிக்குத் திரும்பிப் போய்ப் பேச்சைத் தொடர்ந்தார். சனமோ கதிரைகளை எங்கள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டது. பேசி முடித்தாரா, எப்போது போனார் என்று எனக்குத் தெரியாது. பார்க்க நேரமிருக்கவில்லை.

உங்கள் இடத்தை வெறுமையாக விட்டு விளையாடுவோம் என்றார்கள் சிலர். அந்த நடிப்பெல்லாம் உங்களுக்குப் பிடிக்காது. புதிதாகக் குடிவந்த சென்னைப் பெண் ஒருத்தியை அங்கே நிறுத்தியிருக்கிறேன். பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறாள். மூடாமல் பிடிக்கும்வரை நான் அவளை விடப்போவதில்லை. இது சத்தியம்.

சண்டைபிடிக்க ஆளில்லாமல் தவிக்கும்,
உங்கள் மச்சாள்,
திரேசா