பாக்கி மஹர்

மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நம் நிக்காஹ் நினைவிருக்கிறதா? மாப்பிள்ளை தரும் மஹராக நகை வேண்டாம், பாதியில் விட்ட பள்ளிப் படிப்பை முடிக்க வைத்தால் போதும் என்று சொல்லியனுப்பினேன். சபையே சிரித்தது. நீங்கள் மட்டும் "சம்மதம்" என்றீர்கள்.

பட்டறையிலிருந்து கிரீஸ் கையோடு வந்து, மாலைப் பள்ளிக்கு சைக்கிளில் கூட்டிப்போவீர்கள். வகுப்பு விடும்வரை வாசல் படியில் தூங்கி வழிவீர்கள். "உன் காவக்காரர எழுப்புடி" என்று தோழிகள் கேலி செய்வார்கள். மகள் வயிற்றில் வந்ததும், "அப்புறம் பாத்துக்கலாம்" என்று நிறுத்தினோம்.

நேற்று போனில் அவளிடம், "பத்தாவது போதும்" என்றீர்களாம். இன்னும் சீருடையைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

மஹர் கடன், மச்சான். நான் தள்ளுபடி செய்யவில்லை. மிச்சப் படிப்பை அவளுக்குக் கொடுத்துவிடுங்கள். நீங்கள் "சம்மதம்" என்றால் போதும். படியில் தூங்கி வழிய நான் இருக்கிறேன்.

உங்களிடம் வர வேண்டியதை மறக்காத,
உங்கள் மனைவி