பெயரில்லாமல் போட்டிருக்கலாம்

வியாழன், இரவு.

தாம்பரம் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் கணினிப் பாதுகாப்பு பார்க்கிற எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. எந்த மோசடி மெயில் வந்தாலும் உடனே அதில் போட வேண்டும். அந்த விதியை எழுதியவனே நான்தான். தாமதமாகப் போட்டவர்களைத் திட்டியும் இருக்கிறேன்.

திங்களன்று ஸ்கேன் மெஷின் சர்வீஸ் பில் என்று எங்களுக்கு ஒரு மெயில் வந்தது. அதைத் திறந்த மூன்று கணினிகள் பூட்டிக்கொண்டன. "வெளிய சொன்னா நம்ம பேருதான் கெடும். மேலருந்து பர்மிஷன் வரட்டும், அப்புறம் போடு" என்றார் மேனேஜர். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

இன்று காலை சேலையூர் ஆஸ்பத்திரியிலிருந்து, எங்கள் குழுவில் இருக்கும் ஜெபராஜ் போன் செய்தான். ஒரு மெயிலைத் திறந்ததில் லேப் கணினிகள் எல்லாம் பூட்டிவிட்டனவாம். ரிப்போர்ட் பார்க்க முடியாததால் டயாலிசிஸுக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்புகிறார்களாம்.

"அனுப்பின அட்ரஸ் சொல்றேன், எழுதிக்கோ மச்சான்."

அவன் படிப்பதற்குள் நானே சொல்லிவிட்டேன்.

"உனக்கு எப்படிடா தெரியும்?"

"திங்கக்கிழமையே எங்களுக்கு வந்துச்சு."

"சரி, வை. வெளிய ஆளுங்க நிக்கிறாங்க" என்றான்.

எங்கள் பெயரில்லாமல் அந்த மெயில் முகவரியை மட்டுமாவது அன்றே குழுவில் போட்டிருக்கலாம். பர்மிஷன் இன்னும் வரவில்லை. இப்போது போட்டுவிட்டேன். எல்லோரும் நன்றி சொல்கிறார்கள். ஜெபராஜும் பார்த்துவிட்டான். ஒன்றும் எழுதவில்லை.