கல்லறைத் திருநாள் நோட்டில் அண்ணன் பெயர்

வேடசந்தூர் பக்கம்,
நவம்பர் 24

அன்புள்ள ஜோசுக்கு,

ஷைனி எழுதுகிறேன். நலமா என்று கேட்கப்போவதில்லை. கன்னியர் மடத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் போன் கிடையாது, மாதம் ஒரு கடிதம்தான் என்று உன் அம்மா சொன்னார்கள். அப்படி ஒரு இடத்திலிருந்து நீ நலம் என்றுதான் எழுதுவாய். நேராக விஷயத்துக்கு வருகிறேன். நான் ஒரு காரியம் செய்துவிட்டேன்.

பெலிக்ஸ் அண்ணன் போர்வெல் லாரியில் வடக்கே வேலைக்குப் போய் வருகிற பொங்கலோடு நான்கு வருடம். ராய்ப்பூர் தாண்டி எங்கோ டீ குடிக்க இறங்கினான், திரும்பி வரவில்லை என்று லாரிக்காரன் சொன்னதோடு சரி. போலீசில் கேட்டால், ஆம்பளைப் பிள்ளைதானே, எவளையாவது கட்டிக்கொண்டு இருப்பான் என்று சிரித்தார்கள். நான் வேலை பார்க்கிற நூல் மில் பஸ்ஸில் ஏறும்போது ஒரு தரம், இறங்கும்போது ஒரு தரம் எங்களைத் தலை எண்ணுகிறார்கள். கக்கூஸில் ஐந்து நிமிடம் கூடிவிட்டால் சூப்பர்வைசர் தேடிக்கொண்டு வருகிறார். அண்ணன் போன லாரியில் யார் யார் ஏறினார்கள் என்று ஒரு துண்டுச் சீட்டுக்கூட இல்லை.

கல்லறைத் திருநாளுக்கு ஒரு வாரம் முன்பே நம் கோயிலில் இரண்டு நோட்டு வைப்பார்களே, உனக்கு நினைவிருக்கும். செத்தவர்களுக்கு ஒன்று, உயிரோடு இருப்பவர்கள் நலத்துக்கு ஒன்று. அப்பா பெயரை முதல் நோட்டிலும், அண்ணன் பெயரை இரண்டாவதிலும் எழுதிவிட்டு வரச் சொல்லி அம்மா என்னை அனுப்பினாள். நான் முதல் நோட்டில் அருள்நாதன் என்று எழுதி, அதற்குக் கீழேயே பெலிக்ஸ் என்றும் எழுதினேன்.

இரண்டாம் தேதி சாயங்காலம் கல்லறைத் தோட்டத்தில் பூசை. அப்பா கல்லறைக்கு அம்மா செவ்வந்தி போட்டு மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தாள். ஃபாதர் மைக்கில் அண்ணன் பெயரை வாசித்தார். அம்மா எழுந்து, கல்லறைகளுக்கு நடுவே நடந்து, பீடத்துக்கு முன்னால் போய் நின்றாள். சாமி, எம் மகன் சாகல, அந்தப் பேரை வெட்டுங்க என்றாள். ஃபாதர் சின்ன வயசு. பேனாவை எடுத்து அங்கேயே அடித்தார். அடிக்கிற சத்தம் மைக்கில் கேட்டது. பின்னால் ஒரு பொம்பளை, நாலு வருசமாச்சு, இன்னும் என்ன வீம்பு என்றாள். அவள் மகன் திருப்பூரில் இருந்து வாரம் தவறாமல் வருகிறான்.

ஃபாதர் வாசிப்பதற்காக நோட்டைப் பார்த்து எடுத்து எழுதியதில் கோயில் உபதேசியார் செபஸ்தியான்தான் மாற்றிவிட்டார் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். மறுநாள் அம்மா செருப்புக்கூட மாட்டாமல் அவர் வீட்டுக்குச் சண்டைக்குக் கிளம்பினாள். வாசலில் மறித்து, நான்தான் எழுதினேன் என்றேன். கை தவறியா என்றாள். இல்லை என்றேன்.

யாராவது ஒருத்தர் நாலு பேர் முன்னால் முடிந்தது என்று சொல்லிவிட்டால், அம்மா அழுது தீர்த்துவிடுவாள், மூன்றாவது ஆளுக்கு அரிசி போடுவதை நிறுத்துவாள் என்று நினைத்தேன். இதுதான் காரணம். அடிக்கப்போகிறாள் என்று நின்றேன். அடிக்கவில்லை. இந்த நாலு வருசத்தில் நீ கோயிலில் கேட்ட ஒரே காரியம் இதுதானாடி என்றாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் விடிகாலை, நான் தூங்குகிறேன் என்று நினைத்து வீட்டு அந்தோணியார் சுரூபத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள். கெஞ்சுவாள், அழுவாள் என்றுதான் காது கொடுத்தேன். அவள் பாட்டுக்கு ஊர்ப்பேச்சு பேசிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு ஆடு ரெண்டு குட்டி போட்டது. பஞ்சுத் தூசியில் ஷைனிக்கு இருமல் நிற்கவில்லை. பிறகு, சின்னது ஏதோ பண்ணிருச்சு, நீங்க மனசுல வச்சுக்காதீங்க என்றாள். அண்ணனைப் பற்றிக் கடைசியில் ஒரே ஒரு வாக்கியம். அவன் சாப்பிட்டானா, பாத்துக்கங்க.

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து, அவனைக் கொண்டுவாங்க என்று ஏன் கேட்கவில்லை என்றேன். முதல் வருசம் கேட்டாளாம். அடுத்த வருசம், தொலைந்ததை எல்லாருக்கும் கண்டுபிடித்துக் கொடுக்கிறவருக்கு என் பிள்ளை மட்டும் கண்ணில் படவில்லையா என்று அந்தோணியாரைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாளாம். பதினோரு நாள். அப்புறம் பேச ஆள் இல்லாமல் அவளே திருப்பிவிட்டாளாம். கோபம் போய்விட்டதா என்றேன். அது எங்க போகும், அதையும் அவர்கிட்டதான சொல்லணும் என்றாள்.

நானும் அதே வீட்டில்தான் இருக்கிறேன், ஜோசு. பேச ஆள் இல்லை என்கிறாள்.

அண்ணன் உயிரோடு இருக்கிறான் என்று இப்போதும் நான் நம்பவில்லை. ஆனால் அம்மா செய்வது என்ன என்று தெரிந்தாக வேண்டும். பைத்தியம் இல்லை, பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டேன். பழக்கம் என்றால் எப்போதோ சலித்திருக்கும். வருகிற ஞாயிறு, கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்து முதல் பூசைக்கு என்னைக் கூப்பிட்டாள். ஷிப்ட் முடிந்து நேராக வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். கேட்பதற்கு ஒன்றும் இல்லாமல் அங்கே நின்று என்ன செய்வது?

நீ செபத்துக்கென்றே போனவள். பதில் வராத நாட்களில் நீ என்ன செய்கிறாய் என்று எழுது. மடத்தில் சொல்லிக்கொடுத்ததை எழுதாதே. கடிதத்தைப் படித்துப் பார்க்கிற சிஸ்டர் எதையாவது அடித்தால், அடித்தபடியே அனுப்பு.

அம்மா உன் நெற்றியில் சிலுவை போட்டதாக எழுதச் சொன்னாள். செபத்தில் அண்ணன் பெயரைச் சொல்லும்போது, வெளியூர் போயிருக்கிற பிள்ளை என்று சொல்லச் சொன்னாள். அப்படியே சொல்.

உன்,
ஷைனி