அரைக்கிலோ கல்

ஜூலை 25, வியாழன்

விடிந்ததிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. கூடத்திலேயே கொடி கட்டி இவருடைய லுங்கி மூன்று, என் புடவை ஒன்று. குனிந்து குனிந்து நடக்க வேண்டியிருக்கிறது.

ரேவதியின் ஏர் பிஸ்டல் வேலை ஒருவழியாக முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை சென்னையில் மாநிலப் போட்டி. இதில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால்தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு மனுப் போட முடியும். இந்த வருஷத்தோடு அவளுக்கு வயது வரம்பு முடிகிறது.

ஓரகத்தி என்றால் சண்டை போட்டே ஆக வேண்டும் என்று ஊரில் எழுதாத சட்டம். நானும் ரே.வும் ஆறு வருஷமாக ஒரே அடுப்படி. சுடுவது அவள், துப்பாக்கியைப் பார்த்துக்கொள்வது நான். அம்மையார்குப்பத்தில் விசைத்தறிக்குத் திருகு முடுக்கிய கை என்னுடையது, சும்மா இருக்காது.

இன்று செய்தவை:
– சிலிண்டரில் காற்று. கசிவு இல்லை.
– ஈயக்குண்டு ஒரு டப்பா, ஒவ்வொன்றாக எடை பார்த்துப் பிரித்தது. ஓரம் நசுங்கியவை பதினொன்று, தனியே.
– பிடியில் கட்டைவிரல் படும் இடம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது.
– வத்தக்குழம்பு. (உப்பு ஜாஸ்தி. இவர் தண்ணீராகக் குடித்தார்.)
– டிரிக்கர்.

டிரிக்கர்தான் உயிர். லேசாக இருந்தால் கை அசையாது. ஆனால் ஐந்நூறு கிராமுக்குக் கீழே போனால் போட்டியிலிருந்தே ஆளைத் தூக்கிவிடுவார்கள். பிஸ்டலை வானம் பார்க்க நிமிர்த்தி, டிரிக்கரில் அரைக்கிலோ கல்லை மாட்டி மெல்லத் தூக்க வேண்டும். டப்பென்று விட்டுவிடாமல் கல் மேலே வந்தால் பாஸ்.

எங்கள் துப்பாக்கி சுடும் கிளப்பின் கல் செயலரோடு சென்னைக்குப் போய்விட்டது. நானே ஒன்று செய்துகொண்டேன். அத்தை கோயில் மலை அடிவாரத்தில் பொரிகடலை விற்ற நாளில் வைத்திருந்த இரும்புக் கல், அரைக்கிலோ என்று மேலேயே வார்த்திருக்கிறது. பட்டறையில் கொடுத்து அதன் தலையில் கம்பிக் கொக்கி வெல்டிங் வைத்தாயிற்று. கொக்கியும் சேர்ந்தால் கொஞ்சம் கூடத்தான் இருக்கும், அது நமக்குப் பத்திரம்தான்.

"அக்கா, இன்னும் துளி லேசாக்கேன்" என்று ரே. பக்கத்திலேயே நின்றாள். கல்லைத் தூக்குகிற கடைசி இடத்தில் நிறுத்தினேன். எல்லாத் திருகின் தலையிலும் சிவப்பு நெயில் பாலிஷ், ஒவ்வொரு பொட்டு. எவராவது திருகினால் பாலிஷ் விரிந்து காட்டிக்கொடுக்கும்.

கோமதி கை பட்டால் தப்பாது என்று கிளப்பில் சொல்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூலை 28, ஞாயிறு

நாளை ஆடிக் கிருத்திகை. ஊர் இன்றே நிரம்பிவிட்டது. வீட்டில் விருந்தாளி பதினாறு பேர். என்னால் சென்னைக்குப் போக முடியவில்லை. ரே. தனியாகப் போனாள். காவடிக் கூட்டத்தில் ஆட்டோ நகராமல் பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்து, ஒரு வண்டியைத் தவறவிட்டு, அடுத்ததில்.

அங்கே போய்ச் சேர்ந்ததும் ஃபோன். மூச்சு வாங்கிக்கொண்டு.

"அக்கா, பத்து நிமிசம்தான் கீது. இங்க அவங்களே வெயிட்டு வச்சிருக்காங்க. ஒரு தபா மாட்டிப் பாத்துக்கட்டா?"

"வேணாம், நான் பாத்தாச்சு. நீ போய் நிதானமா நில்லு."

ஒரு மணிக்கு மறுபடி. 567. மூன்றாவது இடம். அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. நான் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே குதித்தேன், பாயசம் அடிப்பிடித்தது, பிடிக்கட்டும்.

இரண்டு மணிக்கு வேறொரு நம்பரிலிருந்து செயலர் சார்.

"கோமதிம்மா, முடிஞ்சப்பறம் குலுக்கல்ல எடுத்து செக் பண்ணாங்க. ரேவதி பேர் வந்துச்சு. மூணு தபாவும் டிரிக்கர் வெயிட்டத் தூக்கல. லிஸ்ட்லருந்து எடுத்துட்டாங்கம்மா."

 பதினாறு பேருக்கும் சாப்பாடு போட்டேன். யார் என்ன கேட்டார்கள், நான் என்ன பரிமாறினேன், ஞாபகமில்லை.

ஜூலை 29, திங்கள்

கிருத்திகை. தெரு முழுக்க மஞ்சள் துணி, அரோகரா. மலைக்குப் போகவில்லை. 

ரே. பெட்டியைப் பரண்மேல் ஏற்றிவிட்டாள். முகம் வீங்கியிருக்கிறது. அங்கே யாரோ ஒருத்தி முகத்துக்கு நேரே கேட்டாளாம், "டிரிக்கர்ல கை வச்சிட்டு வந்து ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்கிறியே?" என்று. கொழுந்தனுக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஷிஃப்ட். ஃபோனில் அவன் பங்குக்குக் கத்தினான்.

நான் சொன்னது: "வழியில பெட்டி ஆடினதுல திருகு லூசாயிருக்கும்டி."

பாலிஷ் போட்ட திருகு ஆட்டத்தில் லூசாகாது. தெரிந்தேதான் சொன்னேன். வேறு என்ன சொல்வது, எனக்கே புரியவில்லை.

ஜூலை 31, புதன்

வெயில். துணி காய்ந்தது.

அத்தை புளிப்பானைமேல் பாரம் வைக்கக் கல் தேடினார்கள். என் கொக்கிக் கல்லை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, அடியில ஓட்டையா கீது? இங்க இருந்த ஈயம் எங்க?"

"எந்த ஈயம்?"

"ஈயத்துல தானே கவர்மெண்ட்டு சீல் குத்துவான். எடை கொறஞ்சா அதுல ஈயத்த ஊத்தித்தான் சரி பண்ணுவாங்க."

 வெல்டிங் சூடு. ஈயம் உருகி ஓடியிருக்கிறது. பட்டறைக்காரர் கண்ணிலும் படவில்லை, என் கண்ணிலும் படவில்லை. அடியில் இருந்த குழியைப் பார்த்தேன்தான். வார்ப்பிலேயே அப்படி என்று நினைத்தேன்.

குண்டு எடை பார்க்கும் என் சின்னத் தராசு ஐம்பது கிராமுக்கு மேல் தாங்காது. கல்லை முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு கடைத்தெருவில் நகைக்கடைக்குப் போனேன். கொலுசு மாற்ற வந்தவள் மாதிரி உட்கார்ந்து, "இத ஒரு நிமிசம் வச்சிப் பாருங்க தம்பி."

488. கொக்கியோடு.

அதாவது நான்தான். ரே. அங்கேயே மாட்டிப் பார்க்கிறேன் என்றாள். வேண்டாம் என்றதும் நான்தான். அவள் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டிருக்கிறேன்.

வரும் வழியில் சொல்லிவிடுவது என்று முடிவு. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது முடிவு போய்விட்டது. கல்லை அரிசி டிரம்முக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். பயம். வேறு பெயர் வைக்க முடியாது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

நெயில் பாலிஷ், கேஸ் புக் பண்ண, இவருக்கு பி.பி. மாத்திரை. (வாங்கியது மாத்திரை மட்டும்.)

கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். ரே. திடீரென்று முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள்.

"அக்கா, உன்னாண்ட மறைச்சிட்டேன். நான்தான் கைய வச்சேன்."

"இன்னா சொல்ற?"

"ரயில்ல உக்காந்துகினு பெட்டியத் தொறந்தேன். டிரிக்கர் கொஞ்சம் உள்ள போற மாதிரி இருந்துச்சு. அடியில இருக்கிற சின்னத் திருகு, அத ஒரு அரைக்கா சுத்து திருகினேன். எனக்கு இன்னா தெரியும்? அதுலதான் கொறஞ்சி போச்சி. நீ பாத்துப் பாத்து செஞ்சத நான் கெடுத்துட்டேன்."

பரணிலிருந்து பெட்டியை இறக்கிப் பார்த்தேன். எடைத் திருகில் பாலிஷ் அப்படியே, கீறல்கூட இல்லை. விரிந்திருந்தது அதற்குக் கீழே உள்ளது. அது குண்டு வெளியே போன பிறகு டிரிக்கர் எங்கே போய் நிற்க வேண்டும் என்பதற்கான திருகு. பத்துச் சுற்று சுற்றினாலும் எடையில் ஒரு கிராம் மாறாது.

இது இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஊரிலேயே செயலருக்கும் எனக்கும்.

எழுதவே கை கூசுகிறது. பாலிஷ் விரிந்ததைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அப்பாடா என்று இருந்தது. அவள் என் மடியில் விழுந்து அழுகிறாள், நான் முதுகைத் தடவிக்கொண்டே, "போனாப் போவுது விடு" என்றேன். மன்னித்தேன்! யார் யாரை மன்னிப்பது?

ஆகஸ்ட் 3, சனி

பதினெட்டாம் பெருக்கு. எலுமிச்சை, புளி, தயிர், தேங்காய், நாலு வகை சாதம். ரே. எனக்குப் பிடிக்கும் என்று தேங்காய் சாதத்தில் முந்திரி அள்ளிப் போட்டாள். "அக்காவுக்கு எம்மேல கோவமே வரல பாரு" என்று அத்தையிடம் சொல்லிக்கொண்டே.

இரண்டு கவளம். அதற்கு மேல் இறங்கவில்லை.

அவள் வேலைக்குப் போய்விட்டால் அடுப்படி, அத்தை, இந்த வீடு எல்லாம் என் ஒருத்தி தலையில் என்று போன மாசம் யோசித்தது உண்டு. பொறாமையே இல்லை என்று எழுத வந்தேன். கொஞ்சம் இருந்தது. ஆனால் ஈயம் உருகியது அதனால் இல்லை. கடவுள் மேல் ஆணை, அதனால் இல்லை.

ஆகஸ்ட் 7, புதன்

பகலில் மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. புழுக்கம்.

செயலர் சார் வீட்டுக்கே வந்தார். மோர் கொடுத்தேன். செப்டம்பரில் இன்னொரு போட்டி, அதுவும் மனுவுக்குச் செல்லும். ரே.க்கு அதுதான் கடைசி. ஆனால் கிளப் அனுப்ப வேண்டுமென்றால், நடந்தது என்ன என்று எழுத்தில் வேண்டும். "தெரியாம நடந்த கோளாறுன்னா பரவால்ல. சுடுறவங்களே டிரிக்கர்ல கைய வச்சாங்கன்னா ஆறு மாசத்துக்கு நான் அவங்கள அனுப்ப முடியாதும்மா. நானும் மேல பதில் சொல்லணும்."

அவர் போனதும் ரே. உட்கார்ந்து எழுதிவிட்டாள். ஒரு பக்கம். 'நானே ரயிலில் திருகைத் திருப்பினேன். அக்கா கோமதிக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.' அந்த வரிக்கு மட்டும் கீழே கோடு.

"பொய் எழுதி அனுப்பிச்சி இன்னாக்கா ஆவப்போது. உம்பேரு கெடக் கூடாது. தப்பு இருந்தா பாரு" என்று என்னிடமே கொடுத்தாள்.

பார்த்தேன். ஒரு ஒற்றெழுத்து விட்டிருந்தது, போட்டுக் கொடுத்தேன். சீ.

ஆகஸ்ட் 10, சனி

நாளை காலை கிளப்பில் கடிதம் கொடுக்கிறாள். 

நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, அவளும் நானும். இவர் கேட்டார், "ரெண்டு பேரும் சண்டையா?" இல்லை என்றேன். சண்டையாக இருந்திருக்கலாம்.

அரிசி டிரம்மை நகர்த்திக் கல்லை எடுத்துத் துடைத்தேன். பையில் போட்டேன். எடுத்தேன். போட்டேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

கல்யாண மண்டபத்து மாடியில் எங்கள் ரேஞ்ச். ஐந்தாறு பேர் இருந்தார்கள். ரே. கடிதத்தை நீட்டினாள், செயலர் கண்ணாடியைத் தேடினார். அதற்குள் நான் கல்லை மேஜைமேல் வைத்தேன். "சார், இத உங்க தராசுல வையுங்க." குரல் எனக்கே யாரோ பேசுவது போல.

488.  ஈயம் உருகியதைச் சொன்னேன். அவள் திருப்பியது எடைத் திருகே இல்லை என்று பிஸ்டலைத் திறந்து, பாலிஷைக் காட்டி, கிளப் கல்லை மாட்டிக் காட்டினேன். டப். மூன்று தடவையும்.

செயலர் எடைத் திருகையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "ஏம்மா, உன் கைலயா இப்டி?" அவ்வளவுதான். கடிதத்தைக் கிழித்துப் போட்டார். 'பராமரிப்பில் நேர்ந்த கோளாறு, சுடுபவர் மேல் குற்றமில்லை' என்று அவரே எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கினார். போன மூன்றாம் இடம் போனதுதான். செப்டம்பருக்கு ரே. போகலாம்.

இதோடு நிறுத்தியிருந்தால் இன்று நான் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்.

மாடிப்படி இறங்கும்போது ரே. என் கையைப் பிடித்தாள். திட்டப்போகிறாள், நாலு அறை விட்டாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன்.

"எப்பக்கா தெரிஞ்சிது உனக்கு?"

பதினோரு நாள். வாயில் வந்துவிட்டது. 

"நேத்துதான்" என்றேன்.

அவள் அப்படியே என் தோளில் சாய்ந்துவிட்டாள்.

ஆகஸ்ட் 12, திங்கள்

பால்காரர் வரவில்லை. கடுங்காப்பி.

காலையில் ரே. பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். செப்டம்பருக்கும் நீதான் டிரிக்கர் வைத்துத் தர வேண்டும், வேறு யாரையும் தொட விட மாட்டேன் என்றாள். சமையல்கட்டில் நின்றுகொண்டு ஆர்.கே.பேட்டையில் இருக்கும் அவள் அம்மாவுக்கு ஃபோன். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். காதில் விழாமல் எப்படி?

"ஆங்... ஆமாம்மா. முந்தாநேத்துதான் அக்காவுக்கே தெரிஞ்சிருக்கு. மறுநாளே எல்லாரு முன்னாடியும் வந்து, தம்மேலதான் தப்புன்னு சொல்லிட்டாங்கம்மா. வேற யாருன்னா இருந்தா மூடி மறைச்சிகினு போயிருப்பாங்க. கூடப் பொறந்தவகூட இப்டி செய்ய மாட்டா."

பிறகு ஃபோனை என் பக்கம் நீட்டினாள். "அம்மா உன்னாண்ட பேசணுமாம்."

ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கினேன். அந்தம்மா அழுதுகொண்டே பேசினார்கள். "உன்ன மாதிரி ஒருத்தி அவளுக்கு அமைஞ்சதே போதும்மா. நீ நல்லா இருக்கணும் தாயி."

ஆங் என்றேன்.