ஜீப் டயரில் இறக்கிய காற்று

அக்டோபர் 11, திங்கள்

விடியலிலிருந்து தூறல். குவாரிக்கு ஆள் ஏற்றும் ஜீப்புக்கு நாலு டயரும் மாற்றியாக வேண்டும். பின்னால் இரண்டும் சுத்த வழுக்கை. சிங்கப்பெருமாள் கோவில் தாண்டிக் குவாரி மேட்டில், நாலு சக்கரமும் சேர்ந்து இழுத்தும் சனிக்கிழமை சறுக்கியது.

தாம்பரத்தில் டயர் கடை, ஒரு மணி நேரம். லைட் டிரக் டயரா, கார் டயரா? கடைக்காரர் செல்வம் பிடித்த பிடியை விடவில்லை. "தெனம் ஆறு ஆளு, துளை போடுற கம்பி வேற ஏத்திகினு போற. கார் டயர் போட்டா கல்லு அறுத்துடும் பாய். அப்பால என்னாண்ட வந்து கத்தாதே."

நியாயம்தான். ஆனால் டிரக் டயர் முரட்டு டயர், தூக்கித் தூக்கிப் போடும். பள்ளிக்கரணையில் எங்கள் வீட்டிலிருந்து கேம்ப் ரோடு ஆஸ்பத்திரி வரை குழிக்கு நடுவில்தான் ரோடு. மனைவி மும்தாஜுக்கு ஏழாம் மாதம். முன்னே இரண்டு பிள்ளையும் ஏழாம் மாதத்தில்தான் போயின. குலுங்கவே கூடாது என்கிறார் டாக்டரம்மா. வாரா வாரம் வரவும் சொல்கிறார். பறந்தா போவது?

எதுவும் வாங்காமல் திரும்பினேன். பயம். எதைப் போட்டாலும் யாருக்கோ ஆபத்து.

அக்டோபர் 13, புதன்

டிரக் டயரே போட்டாயிற்று. ஆறு பேர் உயிர், வேறு வழி இல்லை.

மாலை மு.வை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, சீட்டிலிருந்து எழும்பி, பாதி நின்றபடியே வந்தாள். "ஒண்ணுமில்ல மச்சான், ரோட்டைப் பாத்து ஓட்டுங்க." ஒவ்வொரு குழிக்கும் அவள் முகத்தைப் பார்த்தேன். பார்த்த நேரத்தில் அடுத்த குழி.

வாங்க: மண்ணெண்ணெய், இரும்பு மாத்திரை, வைப்பர் ரப்பர்.

அக்டோபர் 20, புதன்

வெயில். என் மூளைக்கும் ஒன்று தோன்றியது. டயரில் காற்று நாற்பது பவுண்டு. வால்வில் தீக்குச்சியால் அழுத்தி நாலிலும் பதினெட்டுக்கு இறக்கினேன். ஜீப்பா, மெத்தையா! மு. வழியில் தூங்கியே விட்டாள். குழந்தைக்குத் துடிப்பு நன்றாக இருக்கிறதாம். டாக்டரம்மா வாயால் கேட்ட பிறகுதான் மூச்சு வந்தது.

நாளை காலை பங்க்கில் மறுபடி நாற்பது ஏற்ற வேண்டும். மறக்காதே.

அக்டோபர் 21, வியாழன்

இன்று ஏழு பேர் தப்பியதே பெரிது.

காலையில் மழை. பங்க்கில் கரண்ட் இல்லை, காற்று இல்லை. பெருங்களத்தூரில் ஏற்றிக்கொள்ளலாம் என்று ஆட்களை ஏற்றிக் கிளம்பினேன். பின்னால் காசி தன் மாமியார் கதை சொல்ல, அவன் தம்பி ஏழுமலை எடுத்துக்கொடுக்க, எல்லோரும் சிரிக்க, நானும் சிரித்துக்கொண்டே பெருங்களத்தூரைத் தாண்டிவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது. சிரித்தேன், மறந்தேன்.

மறைமலை நகர் தாண்டியதும் காசி கத்தினான். "பாய், இன்னாவோ தீயிற நாத்தம் வர்து. நிறுத்து, நிறுத்து!"

பின் இடது டயர். பக்கம் பிளந்து நூல் தொங்குகிறது. தொட்டால் விரல் சுட்டது. ஓரம் கட்டிய அடுத்த நொடி ஒரு லாரி உரசாத குறையாகப் போனது. ரோட்டின் நடுவில் வெடித்திருந்தால்?

"புச்சு தானே பாய்? அதுக்குள்ள எப்டி?" ஏழுமலை.

"ஆணி ஏறியிருக்கும்" என்றேன். பொய். வாய் கூசவில்லை.

ஸ்டெப்னியை அவர்களே மாற்றினார்கள், கொட்டும் மழையில். என்னைத் தொட விடவில்லை. "நீ குந்து பாய், நாங்க பாத்துக்கிறோம்."

அக்டோபர் 22, வெள்ளி

செல்வம் டயர்களைக் கழற்றி உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்தார். பின் வலதும் உள்ளே நூல் விட்டுவிட்டது. முன் இரண்டும் தேறும். "காத்து இல்லாம ஓட்னியா பாய்?" குனிந்து நட்டுகளைப் பொறுக்கினேன். அவருக்குத் தெரிந்துவிட்டது. பின்னுக்கு இரண்டு புதிய டிரக் டயர்.

ஜும்மாவில் மனம் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து மு.விடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"எனக்காகவா?" என்றாள். கீரை ஆய்ந்து முடித்துவிட்டுச் சொன்னாள்: "நான் சேலையூர்ல அக்கா வீட்டுக்குப் போயிடறேன். அங்கேருந்து ஆஸ்பத்திரிக்கு நடந்துடலாம். நீங்க காத்தை நிரப்பியே ஓட்டுங்க. அவங்ககிட்ட உண்மையைச் சொல்லிடுங்க மச்சான்."

சொன்னால் ஒருவனும் ஏற மாட்டான். அந்தப் பயம் வேறு இப்போது.

அக்டோபர் 23, சனி

மு., இரண்டு தலையணை, ஒரு பெட்டி. காற்று நாற்பது. நடக்கிற வேகம். பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்தே செவிடாக்கினான். சேலையூர் வந்து இறங்கியதும், "உதைக்குது" என்று சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, அக்கா எதிரிலேயே.

வீடு வெறிச்சென்று இருக்கிறது. சோறு வடிக்கவில்லை.

அக்டோபர் 25, திங்கள்

தாம்பரம் ஸ்டேஷன் வாசல், காலை ஆறரை. மழை விட்டிருக்கிறது. காற்றை மூன்று முறை பார்த்தாயிற்று.

ஆட்கள் ஏறுவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். ஆணி இல்லை. பெண்டாட்டி வயிறு குலுங்கக் கூடாதென்று நான்தான் காற்றை இறக்கினேன், ஏற்ற மறந்தேன்.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. காசி ஜீப்பைச் சுற்றி வந்து நாலு டயரையும் உதைத்துப் பார்த்தான்.

"வூட்ல அண்ணி நல்லா கீதா?"

நன்றாக இருக்கிறாள் என்றேன். ஏறி உட்கார்ந்தான். மற்றவர்களும் ஏறினார்கள். ஏழுமலை படியில் கால் வைத்தபோது காசி உள்ளிருந்தே கை நீட்டி அவன் தோளைத் தடுத்தான்.

"நீ பஸ்ல வாடா. ஒரே வூட்டுக்காரங்க ரெண்டு பேரு இந்த வண்டில வேணாம்."