ஜெஸீமாவின் நிகாஹும் ஸ்பெயின் கோட்டைகளும்

பெரிய கிண்ணியா,
19.03.1977.

அன்பு மருமகன் அஸீமுக்கு மாமா ஸெய்னுதீன் ஸலாம் கூறி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லாருக்கும் உடம்புக்குக் குறையில்லை. மனக்குறையைத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

வியாழன் பின்னேரம் உன் கடிதம் வந்தபோது, மாப்பிள்ளையின் தாய் ஸாலிஹா மூதூரிலிருந்து வந்திருந்தா. தங்கச்சி ஜெஸீமாவின் நிகாஹுக்கு நீ வரும் நாள்தான் அதில் இருக்கும் என்று நம்பி, எல்லாருக்கும் கேட்கச் சத்தமாய் வாசிக்கச் சொன்னா உன் உம்மா. வாசித்தேன். மாலகாத் துறைமுகத்துக்கு மேலே ஒரு கோட்டை. அதற்கும் மேலே இன்னொன்று. கிரனாடாவில் சிவப்பு மதில், தடாகம், தூண்கள். நம்மட ஆக்கள் கட்டியதைப் பார்த்துக் கண் கலங்கினாயாம். கடைசியில் ஒரு வரி: கப்பல் வேலை முடிந்து ஊருக்கு டிக்கெட்டும் தந்துவிட்டார்கள், ஆனால் அல்மேரியாக் கோட்டையைப் பார்க்காமல் வர மனமில்லை, நிகாஹை மாமாவே முடித்து வைக்கட்டும்.

 ஸாலிஹா தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, அப்ப பொண்ணை ஸ்பெயின் ராசாட்டத்தான் கேக்கணும் போல என்று சிரித்தா. போகும்போது என்னைத் தனியே கூப்பிட்டு, தமையனுக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்காவிட்டால் நேரே சொல்லுங்கோ, நோன்புக்கு முதல் மகனுக்கு வேறு இடம் பார்க்கவேணும் என்றா. அப்போது சிரிக்கவில்லை.

மாமா முடித்து வைக்கட்டும் என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? ஓதிப் படித்த பிள்ளை நீ. வாப்பா மௌத்தான பிறகு உங்கள் இருவரையும் நான் வளர்த்தது உண்மை. அதற்காக, உம்மாவின் தம்பியான நான் பெண்ணை நிகாஹ் செய்து கொடுக்க ஏலுமா? வாப்பா வழியில் வேறு ஆண் இல்லை. அவளைக் கையளிக்க வேண்டிய வலீ நீ ஒருவன்தான். நான் அந்தச் சபையில் சாட்சியாய் இருக்கலாம், வந்தவர்களுக்குச் சோறு வைக்கலாம். அவ்வளவுதான்.

காதியாரிடமும் போய்க் கேட்டேன். தமையன் எட்டாத் தூரத்தில் இருந்தால், வலீயின் இடத்தில் தாமே பொறுப்பெடுத்து முடித்து வைக்கலாம் என்றார். ஜெஸீமா மறுத்துவிட்டாள். என்ட கூடப்பிறந்த காக்கா உயிரோட இருக்கக்குள்ள, ஆளில்லாதவள் மாதிரி எனக்கு நிகாஹ் வேணாம் என்கிறாள். வகுப்பில் நான் கண்டது இதுதான்: வரவு இடாப்பில் பெயரில்லாத பிள்ளையை யாரும் தேடுவதில்லை. பெயர் இருந்தும் வராத பிள்ளைக்காகத்தான் ஒவ்வொரு நாளும் வாசலைப் பார்க்க வேண்டியிருக்கும்.

கோட்டை பார்ப்பது பாவம் என்று நான் சொல்லவில்லை. அந்தச் சரித்திரத்தை உனக்குப் படிப்பித்தவனே நான்தான். ஆனால் அந்தச் சுவர்கள் எத்தனையோ நூறு வருடம் நின்றவை, இன்னும் நிற்கும். மூதூரார் நிற்கமாட்டார்கள். என்றோ மௌத்தானவர்களுக்காக அழுதாயே, குசினிக்குள் இருந்து அழுகிறவளுக்கு ஒரு வரி எழுதினாயா?

வர ஏலாவிட்டால் உனக்குப் பதிலாய் நான் முடித்து வைக்க வக்காலத்தாவது எழுதி அனுப்பு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஜெஸீமா பக்கத்தில் வந்து நின்று, அதை எழுதாதீங்க மாமா என்றாள். ஆகவே அதைக் கேட்கவில்லை.

தோணித்துறை வரை போய் ஸாலிஹாவை வழியனுப்பியபோது, என் மருமகன் புறப்பட்டுவிட்டான், வழியில் இருக்கிறான் என்று சொல்லிவிட்டேன். பொய் சொன்ன பிள்ளைகளைப் பிரம்பால் அடித்த வாத்தியார் சொன்ன சொல் அது. மகன், அதைப் பொய்யாக்கி விடாதே. அல்லாஹ் உன்னை நலமாய் எங்கள் துறையில் இறக்கி விடுவானாக.

உன் வரவைப் பார்த்திருக்கும்
மாமா
ஸெய்னுதீன்